டிஎஃப் காலி என்கிறது, ஃபைல் உருவாக மறுக்கிறது: ஓசிஎஃப்எஸ்2 வால்யூமில் காலி இடச் சிதறலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழி

ஓசிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் ஒரே டிஸ்க்கை ஒரே நேரத்தில் பகிர உதவும் லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்) வால்யூமில் திடீரென்று 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', அதாவது இடமில்லை, என்று பிழை வர ஆரம்பிக்கிறது. காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கால்வாசி டிஸ்க் காலி. ஏற்கெனவே இருக்கும் ஃபைலில் எழுதினால் எழுதுகிறது, புதிதாக ஒரு வெற்று ஃபைலை டச் செய்தால் மட்டும் முடியாது என்கிறது. இன்னும் குழப்பமாக, அதே டச் பக்கத்து நோடில் (அதே டிஸ்க்கைப் பகிரும் இன்னொரு சர்வரில்) வேலை செய்கிறது. நான்கு பழைய ஃபைல்களை அழித்தால் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகி, அப்புறம் மறுபடி அதே பிழை. மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள், லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை எழுதி அழித்துக்கொண்டே இருக்கும் அப்ளிகேஷன் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இது ஹார்ட்வேர் கோளாறு இல்லை, பெரும்பாலும் ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போனதும் இல்லை. காலி இடம் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, கேட்பவருக்கு வேண்டியது ஒட்டுமொத்தமாக ஒரே துண்டு. பஸ்ஸில் பத்து சீட் காலி, எல்லாம் ஒவ்வொரு வரிசையில் ஒவ்வொன்றாக இருந்தால், சேர்ந்து உட்கார வேண்டிய நான்கு பேருக்கு இடமில்லை, அதே கதைதான். அதனால் மொத்தக் காலி இடம் எவ்வளவு என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். யார் கேட்கிறார், எத்தனை எம்பி தொடர்ச்சியாகக் கேட்கிறார், அந்த அளவில் ஒரு துண்டாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எந்தத் தீர்வையும் தொடாதீர்கள்.

முதலில், உள்ளே இடம் எப்படிப் பங்கிடப்படுகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம், பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஓசிஎஃப்எஸ்2 இரண்டு அளவுகளில் யோசிக்கும். ஒன்று பிளாக், 512 பைட்டில் இருந்து 4 கேபி வரை. இன்னொன்று கிளஸ்டர், 4 கேபியில் இருந்து 1 எம்பி வரை. ஃபைலின் டேட்டாவுக்கு இடம் ஒதுக்குவது கிளஸ்டர் கணக்கில், ஐநோட் (ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு, ஃபைலுக்கு ஒன்று) போன்ற மெட்டாடேட்டாவுக்கு பிளாக் கணக்கில். (இனி இந்தக் கட்டுரையில் கிளஸ்டர் என்றால் இந்த அலகைத்தான் சொல்கிறேன், சர்வர்களை நோடு என்றே எழுதுகிறேன்.)

எந்தக் கிளஸ்டர் காலி, எது பயன்பாட்டில் என்ற முழுக் கணக்கும் குளோபல் பிட்மேப் என்ற சிஸ்டம் ஃபைலில் இருக்கிறது. இது எல்லா நோடுகளுக்கும் பொது. டிஎஃப் காட்டும் எண் இங்கிருந்துதான் வருகிறது.

ஐநோடுகள் விஷயம் வேறு. எக்ஸ்ட்4 மாதிரி ஃபார்மட் செய்யும்போதே ஐநோடுகளை மொத்தமாக ஒதுக்கி வைக்கும் பழக்கம் இதற்குக் கிடையாது. ஒவ்வொரு நோடு ஸ்லாட்டுக்கும் (மவுண்ட் செய்யும் நோடு ஒவ்வொன்றும் வால்யூமில் பிடிக்கும் இருக்கை) தனித்தனியாக ஐநோட் அலாக் என்று ஒரு சிஸ்டம் ஃபைல் உண்டு. அதில் ஐநோட் தீர்ந்ததும், குளோபல் பிட்மேப்பிடம் போய் ஒரு குரூப் அளவுக்கு இடம் கேட்கும். அந்தக் குரூப்பின் அளவு பிளாக் அளவைப் பொறுத்தது: 4 கேபி, 2 கேபி பிளாக் என்றால் 4 எம்பி, 1 கேபி என்றால் 2 எம்பி, 512 பைட் என்றால் 1 எம்பி. பழைய அமைப்பில் இந்த 4 எம்பி முழுவதும் ஒரே தொடர்ச்சியாக இருந்தே ஆக வேண்டும். 4 கேபி கிளஸ்டர் வைத்திருந்தால் அடுத்தடுத்து 1024 கிளஸ்டர்கள் காலியாக இருக்க வேண்டும் என்று பொருள். கிடைத்தால் ஒரு பிளாக் அந்தக் குரூப்பின் குறிப்புக்குப் போக மீதி 1023 ஐநோடுகள் கைக்கு வரும். கிடைக்காவிட்டால், டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருந்தாலும் புது ஃபைல் உருவாகாது.

இதே மாதிரி எக்ஸ்டென்ட் அலாக் என்று இன்னொன்றும் ஸ்லாட்டுக்கு ஒன்றாக இருக்கிறது. ஒரு ஃபைலே பல துண்டுகளாகிவிட்டால் அந்தத் துண்டுகளின் பட்டியலை ஐநோடுக்குள் வைக்க முடியாது, தனி பிளாக்குகள் தேவைப்படும், அவை இங்கிருந்து வரும். இது வளர முடியாமல் நின்றால் பழைய ஃபைலில் சேர்த்து எழுதுவதும் தோல்வியடையும்.

மூன்றாவது ஆள் லோக்கல் அலாக். ஒவ்வொரு நோடும் குளோபல் பிட்மேப்பில் இருந்து ஒரு ஜன்னல் அளவு இடத்தைத் தன் கணக்கில் முன்பணமாக எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா நோடுகளோடும் பூட்டுக்காகப் பேரம் பேச வேண்டாம் என்பதற்காக. பெரிய ஜன்னல் கிடைக்காவிட்டால் பாதியாகக் குறைக்கும், மறுபடி பாதி, 1 எம்பிக்குக் கீழே போய்விட்டால் அணைந்தே விடும். இதனால் பிழை வராது. ஆனால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

ஃபைல்களை அழித்தால் கொஞ்ச நேரம் சரியாவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: அழித்த ஃபைல்களின் ஐநோடுகள் அதே ஐநோட் அலாக்குக்குத் திரும்புகின்றன, அத்தனை புது ஃபைல் உருவாக்கலாம், தீர்ந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

படி 1: பிழையைச் சரியாக அடையாளம் காணுங்கள்

அப்ளிகேஷன் லாக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொரு நோடிலும் உள்ளே போய், அதே மவுண்டில் ஒரு வெற்று ஃபைலை டச் செய்யுங்கள், ஒரு டைரக்டரி உருவாக்குங்கள், பழைய ஃபைல் ஒன்றின் கடைசியில் சில எம்பி சேர்த்து எழுதிப் பாருங்கள். எஸ்ட்ரேஸ் வைத்து ஓட்டினால் எந்த சிஸ்டம் கால் எந்தப் பிழையோடு திரும்பியது என்று தெரியும். பிழை எண் 28 என்றால் இடம் இல்லை. 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்றால் அது கோட்டா, இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் உடனே டிமெசேஜ் (கர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள், ஃபைல்சிஸ்டம் ஏதோ பழுதைக் கண்டு தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஃபைல்சிஸ்டத்தைச் சோதித்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவிதான் வழி.

புது ஃபைல் மட்டும் உருவாகவில்லை, பழைய ஃபைலில் எழுத முடிகிறது என்றால் சந்தேகம் ஐநோட் அலாக் மீது. எழுதுவதும் நின்றால் எக்ஸ்டென்ட் அலாக், அல்லது உண்மையிலேயே இடம் தீர்ந்துவிட்டது. ஒரு நோடில் ஆகிறது, இன்னொன்றில் ஆகவில்லை என்றால் ஏறக்குறைய உறுதி, ஏனென்றால் ஐநோட் கணக்கு ஸ்லாட்டுக்கு ஸ்லாட் தனி. 2008 வாக்கில் வந்த 2.6.26 கர்னல் முதல் ஒரு நோடு தன் ஐநோடுகள் தீர்ந்தால் மற்ற ஸ்லாட்டில் இருந்து கடன் எடுக்கும் வசதி இருக்கிறது, அதனால் புதுக் கர்னல்களில் எல்லா ஸ்லாட்டும் காலியாகும் வரை பிழை தள்ளிப்போகும், அப்புறம் எல்லா நோடிலும் ஒரே நேரத்தில் வெடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பலரும் உடனே ஓடிப்போய்ப் பார்ப்பது டிஎஃப்பின் ஐநோட் கணக்கை. ஓசிஎஃப்எஸ்2 அந்த இடத்தில் ஐநோட் எண்ணிக்கையைத் தருவதில்லை, மொத்தக் கிளஸ்டர், காலிக் கிளஸ்டர் எண்ணிக்கையையே அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அங்கே லட்சக்கணக்கில் காலி என்று தெரிந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, அதை வைத்து 'ஐநோட் நிறைய இருக்கிறதே' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

படி 2: வேறு காரணங்களை விலக்குங்கள்

இது சீக்கிரம் முடியும். அழித்தும் இன்னும் ஏதாவது ஒரு நோடில் திறந்திருக்கும் ஃபைல்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், அவை ஆர்ஃபன் டைரக்டரியில் காத்திருக்கும். ஃபைல்சிஸ்டத்தின் உள்கணக்கைப் படித்துக் காட்டும் டீபக்எஃப்எஸ் கருவியில் இரட்டை ஸ்லாஷோடு ஆர்ஃபன் டிர், ஸ்லாட் எண் நான்கு இலக்கத்தில் என்று கொடுத்துப் பட்டியல் எடுங்கள், எல்லா ஸ்லாட்டுக்கும். நிறைய இருந்தால் எல்எஸ்ஓஎஃப் வைத்து ஒவ்வொரு நோடிலும் எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று பார்த்து அதை மறுதொடக்கம் செய்யுங்கள். ரீஃப்லிங்க் (டேட்டாவை நகலெடுக்காமல் ஃபைலுக்குப் பிரதி உருவாக்கும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பிரதிகள் ஒரே கிளஸ்டர்களைப் பகிர்வதால் ஒன்றை அழித்தால் இடம் திரும்பாது, கடைசிப் பிரதியும் போக வேண்டும்.

படி 3: யாருக்கு இடம் போதவில்லை

டீபக்எஃப்எஸ் கருவியை டிவைஸ் பெயரோடு ஓட்டி, ஸ்டாட் கட்டளைக்கு ஐநோட் அலாக் 0000, 0001 என்று ஒவ்வொரு ஸ்லாட்டாகக் கொடுங்கள். வால்யூம் மவுண்ட் ஆகியிருக்கும்போதே இது முடியும், படிக்க மட்டுமே செய்யும். ஆனால் மற்ற நோடுகள் இன்னும் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவில்) வைத்திருக்கும் மாற்றங்கள் இதில் தெரியாது, அதனால் முதலில் எல்லா நோடிலும் ஒரு சிங்க் கொடுத்துவிடுங்கள்.

வரும் வெளியீட்டில் மூன்று விஷயம் போதும். மொத்தம், பயன்பாட்டில், காலி என்ற பிட்மேப் வரி. காலி பூஜ்ஜியமோ பூஜ்ஜியத்துக்குப் பக்கமோ இருந்தால் அந்த ஸ்லாட் தீர்ந்தது. அடுத்து, குரூப்புக்கு எத்தனைக் கிளஸ்டர் என்ற வரி, 4 கேபி பிளாக்கும் 4 கேபி கிளஸ்டரும் என்றால் 1024 என்று இருக்கும், அதுதான் உங்கள் 'தேவையான தொடர்ச்சி'. இதைத் தாளில் எழுதி வையுங்கள். இதையே எக்ஸ்டென்ட் அலாக்குக்கும் செய்யுங்கள். ஓ2இன்ஃபோ கருவியின் ஃப்ரீஐநோட் விருப்பம் ஸ்லாட் வாரியாகக் காலி ஐநோட் எண்ணிக்கையைச் சுருக்கமாகக் காட்டும், அவசரத்துக்கு அது போதும்.

இங்கே ஒரு ஸ்லாட்டில் காலி பூஜ்ஜியம், இன்னொன்றில் சில லட்சம் என்று இருந்தால் வேலைப் பங்கீடு சரியில்லை. ஒரே நோடு எல்லா ஃபைலையும் உருவாக்குகிறது, இன்னொரு நோடு க்ரானில் அழித்துக்கொண்டிருக்கிறது என்பது போன்ற அமைப்புகளைக் கவனியுங்கள். எந்த நோடு அழித்தாலும் ஐநோட் அது பிறந்த ஸ்லாட்டுக்கே திரும்பும், ஆனால் மறுதொடக்கத்துக்குப் பின் நோடுகள் வேறு ஸ்லாட்டில் உட்காரலாம், அப்போது இருப்பு ஓரிடம், தேவை ஓரிடம் என்று ஆகிவிடும்.

படி 4: தொடர்ச்சியான துண்டு இருக்கிறதா

இதுதான் நோயை உறுதிசெய்யும் பரிசோதனை. ஓ2இன்ஃபோ கருவியை ஃப்ரீஃப்ராக் விருப்பத்தோடு ஓட்டுங்கள், அதற்குத் துண்டின் அளவைக் கேபியில் தர வேண்டும், 4 எம்பிக்கு 4096. டிவைஸையும் கொடுக்கலாம், மவுண்டில் இருக்கும் ஒரு ஃபைலையும் கொடுக்கலாம். ஃபைல் கொடுத்தால் கர்னலே பதில் சொல்லும், ரூட் உரிமை தேவையில்லை. மிகச்சிறிய, மிகப்பெரிய, சராசரித் துண்டு அளவுகளும், கீழே அளவு வாரியாக எத்தனைத் துண்டுகள் என்ற அட்டவணையும் வரும்.

அட்டவணையில் 4 எம்பியும் அதற்கு மேலும் உள்ள வரிசைகளைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லை, எல்லாம் 4 கேபி, 8 கேபி, 64 கேபி வரிசைகளில் குவிந்திருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், சிதறல்தான். மிகப்பெரிய துண்டு எவ்வளவு நல்ல வால்யூமிலும் ஓர் எல்லைக்கு மேல் போகாது. 4 கேபி பிளாக்கில் ஒரு கிளஸ்டர் குரூப்பில் 32256 கிளஸ்டர்கள்தான் அடங்கும், 4 கேபி கிளஸ்டர் என்றால் அது 126 எம்பி. 'டெராபைட் காலியாக இருக்கிறது, மிகப்பெரிய துண்டு 126 எம்பி மட்டுமா' என்று பயப்பட வேண்டாம், அது இயல்பு.

பழைய கருவித் தொகுப்பில் ஓ2இன்ஃபோ இல்லையென்றால் டீபக்எஃப்எஸ் வழியாகவே பார்க்கலாம். ஸ்டாட் கட்டளைக்குக் குளோபல் பிட்மேப்பைக் கொடுத்தால் சங்கிலிகளின் பட்டியல் வரும், ஒவ்வொன்றின் பிளாக் எண்ணைக் குரூப் கட்டளைக்குக் கொடுங்கள். அதில் கான்டிக் என்று ஒரு பத்தி உண்டு, அந்தக் குரூப்பில் உள்ள மிக நீண்ட காலித் தொடர்ச்சி எத்தனைக் கிளஸ்டர் என்பது அதில் இருக்கும். நீங்கள் தாளில் எழுதிய 1024ஓ அதைவிடப் பெரிய எண்ணோ எங்கேயும் இல்லையென்றால் சிதறல் உறுதி. பெரிய வால்யூமில் குரூப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், கையால் பார்க்காமல் ஒரு சின்ன ஷெல் லூப்பில் ஓட்டி, அந்தப் பத்தியை மட்டும் பிரித்து எண் வரிசையில் அடுக்குங்கள்.

படி 5: இப்போதே சர்வீஸ் எழும்ப வேண்டும் என்றால்

நிரந்தரத் தீர்வுக்கு எல்லா நோடிலும் அன்மவுண்ட் தேவைப்படும். பட்டப்பகலில் அது முடியாது. அதுவரை தாங்க மூன்று வழிகள், நான் பரிந்துரைக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வழி, வால்யூமைப் பெரிதாக்குவது. ஸ்டோரேஜில் இடம் இருந்தால் இதைவிடச் சுத்தமான முதலுதவி கிடையாது. எல்யுஎன்னை (ஸ்டோரேஜ் சர்வர்களுக்குத் தரும் டிஸ்க்கை) பெரிதாக்கி, எல்லா நோடிலும் ரீஸ்கேன் செய்து, எல்லா நோடும் ஒரே புது அளவைப் பார்க்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அப்புறம் ஏதாவது ஒரு நோடில் மட்டும் ஃபைல்சிஸ்டத்தின் அமைப்பை மாற்றும் ட்யூன்எஃப்எஸ் கருவியைப் பெரிய எழுத்து எஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். மவுண்ட் ஆன நிலையிலேயே வளரும். புதிதாக வந்த பகுதி முழுக்கத் தொடர்ச்சியான காலி, அதனால் ஐநோட் அலாக் உடனே வளர ஆரம்பிக்கும். சரிபார்க்கும் அந்த நடுப்படியைத் தவிர்த்துவிடாதீர்கள், ஒரு நோடு பழைய அளவையே நம்பிக்கொண்டிருந்தால் விளைவு மோசமாக இருக்கும்.

இரண்டாவது, பெரிய ஃபைல்களை வெளியேற்றுவது. சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் அழிப்பதால் தொடர்ச்சி கிடைப்பது அதிர்ஷ்டம். பழைய பேக்கப் டார், ஐஎஸ்ஓ, மாதக்கணக்கான லாக் என்று ஒரே மூச்சில் எழுதப்பட்ட பெரிய ஃபைல்களைத் தேடுங்கள். ஃபைல்ஃப்ராக் வைத்துப் பார்த்து, குறைவான துண்டுகளில் பெரிய அளவு உள்ள ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து வேறு டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். அழித்த கிளஸ்டர்கள் முதலில் ட்ரங்கேட் லாக்கில் நின்று, சில வினாடி கழித்தே குளோபல் பிட்மேப்புக்குப் போகும். கொஞ்சம் பொறுத்து ஃப்ரீஃப்ராக் மறுபடி பாருங்கள்.

மூன்றாவது வழி, கிடைத்த தொடர்ச்சியை ஐநோடாக மாற்றிப் பூட்டிவைப்பது. மேலே சொன்ன இரண்டில் ஏதாவது ஒன்றால் இடம் கிடைத்த உடனே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாதாரண எழுத்துகள் அந்த இடத்தையும் மெல்ல மெல்லக் கொத்திவிடும். ஒவ்வொரு நோடிலும் ஒரு தற்காலிக டைரக்டரி உருவாக்கி, அதில் சில லட்சம் வெற்று ஃபைல்களை உருவாக்கி, அப்புறம் எல்லாவற்றையும் அழியுங்கள். ஐநோட் அலாக்குக்கு ஒருமுறை போன குரூப்புகள், இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான கர்னல்களில், குளோபல் பிட்மேப்புக்குத் திரும்பி வருவதில்லை. வேறு சமயத்தில் இது குறை. இங்கே அதுவே காப்பாற்றுகிறது: ஃபைல்கள் போய்விடும், ஐநோடுகள் அந்த ஸ்லாட்டின் கையிருப்பில் நிற்கும். 4 கேபி பிளாக்கில் 10 லட்சம் ஐநோடுக்குச் சுமார் 4 ஜிபி ஆகும், அதைக் கணக்கில் வைத்து அளவை முடிவு செய்யுங்கள். டச் செய்வதற்கு ஒரு நோடு போதாது, கட்டாயம் எல்லா நோடிலும் ஓட்ட வேண்டும்.

படி 6: நிரந்தரத் தீர்வு, டிஸ்கான்டிக் பிஜி

2010இல் லினக்ஸ் 2.6.35 கர்னலோடு ஓசிஎஃப்எஸ்2க்கு டிஸ்கான்டிக் பிஜி என்று ஒரு வசதி வந்தது. 4 எம்பி குரூப்பை ஒரே துண்டாகக் கேட்பதை விட்டுவிட்டு, முதலில் முழுசாகத் தேடும், இல்லாவிட்டால் பாதி அளவுத் துண்டுகளைத் தேடும், அதுவும் இல்லாவிட்டால் அதில் பாதி, இப்படிக் கிடைப்பதைச் சேர்த்துக் குரூப்பைக் கட்டிக்கொள்ளும். இந்தக் கட்டுரையின் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த ஒரே வசதியால் தீர்ந்துவிடும், அதனால் வேறெதற்கும் முன் இது உங்கள் வால்யூமில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ2இன்ஃபோவின் எஃப்எஸ் ஃபீச்சர்ஸ் விருப்பம் பட்டியல் தரும். கருவித் தொகுப்பு 1.8 வைத்து ஃபார்மட் செய்த வால்யூமில் இது வழக்கமாக ஏற்கெனவே இருக்கும். அதற்கு முன் உருவாக்கி இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருக்கும் வால்யூம்கள்தான் இன்று அடிபடுகின்றன: சர்வரையும் கர்னலையும் புதுப்பித்திருப்பார்கள், ஃபைல்சிஸ்டத்தின் வசதிப் பட்டியல் மட்டும் பிறந்த நாளில் இருந்தபடியே இருக்கும்.

போடும் முறை இது. முதலில் எல்லா நோடிலும் கர்னல் 2.6.35 அல்லது அதற்குப் புதியது என்று உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு பழைய நோடு இருந்தாலும் வசதியைப் போட்ட பின் அதனால் மவுண்ட் செய்ய முடியாது. பேக்கப் எடுங்கள், எடுத்ததில் இருந்து சில ஃபைல்களை மீட்டும் பாருங்கள். அப்ளிகேஷனை நிறுத்தி, எல்லா நோடிலும் அன்மவுண்ட் செய்யுங்கள். மவுண்டட் கருவியைச் சிறிய எழுத்து எஃப் விருப்பத்தோடு ஓட்டினால் எந்த நோடாவது இன்னும் பிடித்திருக்கிறதா என்று தெரியும், அது காலியாக வந்த பிறகே அடுத்தது. எஃப்எஸ்சிகேயை முதலில் எஃப், என் விருப்பங்களோடு, அதாவது எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் ஓட்டுங்கள். பிழை இருந்தால் சரிசெய்து, சுத்தமாக வரும் வரை தொடர வேண்டாம். அப்புறம் ட்யூன்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ் ஃபீச்சர்ஸ் விருப்பத்துக்கு டிஸ்கான்டிக் பிஜி என்று கொடுங்கள். முடிந்ததும் வசதிப் பட்டியலை மறுபடி பாருங்கள், ஒரு நோடில் மட்டும் மவுண்ட் செய்து சில ஆயிரம் ஃபைல் உருவாக்கிப் பாருங்கள், திருப்தியானால் மற்ற நோடுகளையும் சேருங்கள்.

எஃப்எஸ்சிகே மட்டும் ஓட்டினால் சிதறல் சரியாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. அது கணக்கில் முரண் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, எதையும் நகர்த்தி அடுக்காது. டீஃப்ராக்எஃப்எஸ் கருவியும் அப்படித்தான், அது ஃபைல்களின் துண்டுகளை ஒன்று சேர்க்க முயலும், காலி இடத்தை ஒன்று சேர்ப்பது அதன் வேலை இல்லை. பெரிய காலித் துண்டே இல்லாத வால்யூமில் அதை ஓட்டிப் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: வேண்டாத ஸ்லாட்டுகளைக் கழட்டுங்கள்

அன்மவுண்ட் நேரம் கிடைத்திருக்கும்போதே இதையும் பாருங்கள். ஃபார்மட் செய்யும்போது பிற்காலத்துக்கு இருக்கட்டும் என்று எட்டு ஸ்லாட் வைத்திருப்பார்கள், ஓடுவது இரண்டு நோடு. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி ஜர்னல் உண்டு, அது பெரும்பாலும் ஃபார்மட் செய்த அன்றே தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்டது. ட்யூன்எஃப்எஸ்ஸின் பெரிய எழுத்து என் விருப்பத்தில் ஸ்லாட் எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த ஜர்னல்களின் இடம் பெரிய துண்டுகளாகக் குளோபல் பிட்மேப்புக்குத் திரும்பும். அதோடு, கழட்டிய ஸ்லாட்டுகளின் ஐநோட் குரூப்புகள் மிச்சமிருக்கும் ஸ்லாட்டுகளோடு இணைக்கப்படும், அங்கே சும்மா கிடந்த காலி ஐநோடுகளும் பயன்பாட்டுக்கு வரும். பழைய கர்னல் காரணமாக டிஸ்கான்டிக் பிஜி போட முடியாதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். எதிர்காலத்தில் நோடு சேர்க்கும் திட்டம் இருந்தால் அதற்கு வேண்டிய ஸ்லாட்டை விட்டுவிட்டுக் குறையுங்கள், பின்னால் கூட்டும்போது புது ஜர்னலுக்கும் இடம் வேண்டும்.

படி 8: பிழை இல்லை, ஆனால் எழுதுவது ஊர்கிறது

டிஸ்கான்டிக் பிஜி இருக்கும் வால்யூமில் சிதறல் பிழையாக வெளிப்படாது, மெதுவாக வெளிப்படும். படிப்பது வேகமாக இருக்கும், எழுதுவது மட்டும் இழுக்கும், சிபியுவில் கர்னல் நேரம் ஏறியிருக்கும்.

டீபக்எஃப்எஸ் என்ற கர்னல் மவுண்டுக்குள் ஓசிஎஃப்எஸ்2 டைரக்டரியில், வால்யூமின் யுயுஐடி பெயரில் உள்ள எஃப்எஸ் ஸ்டேட் ஃபைலைப் படியுங்கள் (மேலே சொன்ன கருவிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, இது கர்னலின் உள்நிலையைக் காட்டும் இடம்). அதில் லோக்கல் அலாக் என்ற வரியில் ஸ்டேட் 1 என்றால் நலம். 2 என்றால் ஜன்னல் சுருக்கப்பட்டிருக்கிறது, 3 என்றால் அணைந்துவிட்டது. அளவும் இயல்பளவும் பக்கத்தில் இருக்கும், முதல் எண் இரண்டாவதைவிட மிகவும் சிறியது என்றால் அந்த நோடு பெரிய ஜன்னல் கிடைக்காமல் தவிக்கிறது. 30 வினாடிக்கு ஒருமுறை மறுபடி பெரிய ஜன்னலுக்கு முயன்று பார்க்கும், கிடைக்காவிட்டால் மீண்டும் சுருங்கும். அந்தத் தேடல் ஒவ்வொன்றும் குளோபல் பிட்மேப்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதால் மற்ற நோடுகளும் காத்திருக்கின்றன.

இதற்கு இரண்டு வழி. லோக்கல் அலாக் மவுண்ட் விருப்பத்தில் சின்ன அளவை எம்பியில் கொடுத்து, உங்கள் அட்டவணையில் ஏராளமாக இருக்கும் துண்டு அளவுக்குப் பொருந்த வைக்கலாம், வீண் தேடல் குறையும். இன்னொன்று கர்னலைப் புதுப்பிப்பது: 2024இல் இந்தத் தேடலைக் குறைக்கும் திருத்தங்கள் லினக்ஸ் கர்னலில் சேர்ந்தன, போதுமான தொடர்ச்சி இல்லாத குரூப்புகளை அலசாமலே தாண்டிப் போகும்படி. சிதறிய வால்யூமை உடனே மாற்ற முடியாதவர்கள் கர்னல் புதுப்பிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பல ஃபைல்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதுதான் சிதறலுக்கு முக்கியக் காரணம் என்றால் ரிசர்வ் லெவல் என்ற மவுண்ட் விருப்பத்தையும் பாருங்கள். 0 முதல் 8 வரை, இயல்பாக 2. ஏற்றினால் வளரும் ஃபைலுக்குப் பக்கத்திலேயே அதிக இடத்தை ஒதுக்கி வைக்கும், துண்டுகள் குறையும். ஏற்கெனவே நிறைந்து சிதறிய வால்யூமில் ஏற்றிப் பயனில்லை, புது வால்யூமில் முதல் நாளில் இருந்தே வையுங்கள்.

படி 9: எல்லாம் செய்தும் போதவில்லை என்றால், புதிதாக ஃபார்மட்

வால்யூம் 90 சதவீதத்தைத் தாண்டி, அட்டவணை முழுக்க 4 கேபி, 8 கேபி துண்டுகளாக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் நாளைத் தள்ளுவதுதான். புது எல்யுஎன் எடுத்து, சரியான அளவுகளில் ஃபார்மட் செய்து, டேட்டாவை நகர்த்துங்கள்.

கிளஸ்டர் அளவை யோசித்து முடிவெடுங்கள், பின்னால் மாற்ற முடியாது. விஎம் இமேஜ், டேட்டாபேஸ் ஃபைல் என்றால் 128 கேபியோ அதற்கு மேலோ வையுங்கள், 1 எம்பி கிளஸ்டரில் ஒரு ஐநோட் குரூப்புக்கு அடுத்தடுத்து நான்கு கிளஸ்டர் போதும், சிதறல் என்பதே அபூர்வம். மெயில் மாதிரி சின்ன ஃபைல்களுக்கு 64 கேபி கிளஸ்டர் வைத்தால் 5 கேபி கடிதம் ஒவ்வொன்றும் 64 கேபியை விழுங்கும், அங்கே 4 அல்லது 8 கேபிதான் வழி, கூடவே டிஸ்கான்டிக் பிஜியும் இன்லைன் டேட்டாவும் கட்டாயம். இன்லைன் டேட்டா இருந்தால் 4 கேபி பிளாக்கில் 4 கேபிக்குச் சற்றுக் குறைவான ஃபைல்களும் சின்ன டைரக்டரிகளும் ஐநோடுக்குள்ளேயே அடங்கிவிடும், தனிக் கிளஸ்டர் எடுக்காது, குளோபல் பிட்மேப்பில் ஓட்டை விழுவதும் அந்த அளவுக்குக் குறையும். ஸ்லாட் எண்ணிக்கையை உண்மையான நோடு எண்ணிக்கையோடு ஒன்றோ இரண்டோ கூட்டி நிறுத்துங்கள்.

டேட்டாவை நகர்த்தும்போது ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைப் பத்து முறை இணையாக ஓட்டும் ஆசை வரும். ஒரே நோடில், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். நேரம் அதிகம் ஆகும், ஆனால் ஃபைல்கள் அடுக்கடுக்காகப் போய் உட்காரும். நகர்த்துவதற்கு முன்பே, படி 5இல் சொன்ன மாதிரி ஒவ்வொரு நோடிலும் வெற்று ஃபைல்களை உருவாக்கி அழித்து, எதிர்பார்க்கும் ஐநோட் கையிருப்பைக் கட்டிவிடுங்கள், வால்யூம் முழுக்கக் காலியாக இருக்கும் அந்த நேரத்தில் அது எந்தச் சிரமமும் இல்லாமல் முடியும்.

படி 10: அடுத்த முறை முன்கூட்டியே தெரிய

டிஎஃப் சதவீதத்துக்கு அலாரம் வைத்திருப்பீர்கள், அது இந்த நோயைப் பார்க்காது. தினமும் ஒருமுறை ஃப்ரீஃப்ராக் ஓட்டி, 4 எம்பியும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பிரித்து உங்கள் மானிட்டரிங்கில் சேருங்கள். அதோடு ஸ்லாட் வாரியாகக் காலி ஐநோட், ஒவ்வொரு நோடின் லோக்கல் அலாக் ஸ்டேட். மொத்தக் காலி இடம் அப்படியே இருக்க, பெரிய துண்டுகளின் கோடு மட்டும் வாரா வாரம் இறங்குகிறது என்றால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று பொருள், அந்த அவகாசத்தில் வால்யூமை வளர்க்கலாம் அல்லது அன்மவுண்ட் நேரம் கேட்டு வாங்கலாம். ஓட்டுவது பெரிய வால்யூமில் கொஞ்சம் ஐஓ எடுக்கும், பேக்கப் நேரத்தோடு மோதாமல் விடியற்காலையில் வையுங்கள், ஒரே ஒரு நோடில் இருந்து ஓட்டினால் போதும். லோக்கல் அலாக் நிலையை மட்டும் அந்தந்த நோடிலேயே எடுக்க வேண்டும்.